கூனிப்பாறையின் காதுகள்

கூனிப்பாறை விழப்போகிறது என்று தமயந்தி இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் அது விழவில்லை. விழாமல் போனால் நல்லதுதானே, அதற்கு எதற்கு வருத்தம் என்று வெளியூர்க்காரர்கள் சுலபமாகக் கேட்டுவிடுவார்கள். பாறைக்கு அடியிலேயே இருக்கிற காரைப்பட்டியில் போய் அப்படிக் கேட்டால் செருப்பு பிய்ந்துவிடும்.

முதல் தடவை ஊரையே காலி பண்ணிப் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தால் பாறை இருந்த இடத்தில் இருந்தது, கோழிகளைத்தான் காணோம். சரி, தொலையட்டும் என்று விட்டார்கள். இரண்டாம் தடவை நடந்ததை அப்படி விட முடியவில்லை. அரசுப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த சின்னமாயனுக்குப் பட்டப்பகலில் நெஞ்சு வலித்தது. ஆட்களை ஏற்றி இறக்க வந்த பஸ்களும் லாரிகளும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. அதில் ஒன்றை வெளியே எடுப்பதற்குள் மனிதர் போய்விட்டார். பாறை அன்றைக்கும் விழவில்லை.

சின்னமாயனின் மனைவி வெள்ளைத்தாய். ஊர் முக்கில் டீக்கடை வைத்திருப்பவள், வார்டு உறுப்பினரும்கூட. ஊராட்சித் தலைவர் சொன்னால் கேட்காத ஆட்கள் வெள்ளைத்தாய் சொன்னால் கேட்பார்கள். புருஷனைப் புதைத்துவிட்டு வந்த பிறகு, தமயந்தியின் ஜீப் கடையைத் தாண்டும்போதெல்லாம் அவள் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தமயந்திக்குத் தோன்றும்.

இப்போது மூன்றாவது தடவை. ஐப்பசி மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, நகல் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது.

நகல் என்ன என்று சொல்லாமல் மேலே போனால் கதை நிற்காது. கூனிப்பாறையை அப்படியே அச்சு அசலாகக் கம்ப்யூட்டருக்குள் செய்து வைத்திருந்தார்கள், மலைப் பாதுகாப்பு நிலையத்தில். அங்கே தமயந்தி பாறைப் பொறியாளர். வெளியே வெயில் அடித்தால் நகலிலும் வெயில், வெளியே மழை பெய்தால் நகலிலும் மழை. பாறையின் ஒவ்வொரு துணுக்குக்கும் எவ்வளவு சேதம் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. வரப்போகிற வருஷங்களை நிமிஷங்களில் ஓட்டிப் பார்த்து, எங்கே பிளக்கும், எப்போது பிளக்கும் என்று சொல்லிவிடும். அதற்கு நிஜப் பாறையின் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரிய வேண்டும். கல் உள்ளுக்குள் நோகும்போது நம் காதுக்குக் கேட்காத சின்னச் சின்னச் சத்தம் போடும். அதைக் கேட்கத்தான் கட்டை விரல் கனத்தில், கை நீளத்துக்கு ஒரு துளை போட்டு, உள்ளே ஒரு கருவியை இறக்கிப் பசை ஊற்றி அடைப்பார்கள். அலுவலகத்தில் அதற்குப் பெயர் உணரி. காரைப்பட்டியில் அதற்குப் பெயர் காது.

முதல் துளை போட்ட அன்றைக்கு ஊர் திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. கூனிக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டாமா, அவ்வளவு பெரிய மடிக்கு எங்கே போவது என்று ஒரே கேலி. வெள்ளைத்தாய் பொட்டுக்கடலையும் வெல்லமும் கலந்து எல்லோருக்கும் கொடுத்தாள், தமயந்திக்கு இரண்டு கை அள்ளிக் கொடுத்தாள். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

அந்த ஒன்பது வருஷமும் நிலையத்தில் ஒரே வழக்கம்தான். நகலுக்கு எங்கே சந்தேகம் வருகிறதோ அந்த இடம் திரையில் மஞ்சளாகும். அங்கே எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு காது வை என்று அர்த்தம். வைப்பார்கள். கொஞ்ச நாள் கழித்து அதற்குப் பக்கத்தில் மஞ்சளாகும், அங்கேயும் வைப்பார்கள். இதில் யாருக்கும் எந்தத் தப்பும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்ல பழக்கம்தானே.

தமயந்திக்குப் பிடிபடாத விஷயம் வேறொன்று. காது கூடக் கூடச் சந்தேகம் குறைய வேண்டும். இங்கே என்னடாவென்றால், காது வைத்த ஒவ்வொரு தடவையும் ஆபத்து கூடிக்கொண்டே போனது. மேலே ஏறிப் போய்ச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பாள், கல் கணீரென்று பேசும். கீழே வந்து நகலைப் பார்ப்பாள், அது அழுதுகொண்டிருக்கும். இரண்டில் எது பொய் சொல்கிறது என்று தெரியாமல் முழிப்பாள். நிலையத்தின் தலைவர் குழந்தைவேலுவிடம் கேட்டால், நிறைய டெஸ்ட் எடுத்தால் நிறைய வியாதி தெரியத்தானே செய்யும் என்று சிரிப்பார். நல்ல மனிதர், ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் பாக்கி, எதற்கும் பதறமாட்டார்.

நகல் மூன்றாவது தடவை ஆரம்பித்த பிறகு ஒரு நாள் மத்தியானம் அலுவலகத்தில் நெட் இழுத்துக்கொண்டு கிடந்தது. நகலைத் திறந்தால் பாறை வரவில்லை. அது பெரிய கோப்பு, லோடாகிற வழியைக் காணோம். காதுகள் மட்டும் முன்னால் வந்து திரையில் நின்றன. கறுப்பில் வெறும் வெள்ளைப் புள்ளிகள். டிபன் பாக்ஸைத் திறந்த தமயந்தி அப்படியே மூடி வைத்தாள்.

வருஷக்கணக்காகப் பாறையோடு சேர்த்தே பார்த்துப் பழகிய புள்ளிகள் அவை. பாறையை எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. கூனியின் கழுத்தில் ஆரம்பித்து இடுப்பு வரைக்கும், ஜாண் ஜாணாக, நூல் பிடித்த மாதிரி. இந்த வரிசையை அவள் வேறெங்கோ பார்த்திருக்கிறாள். அலுவலகத்துக்கு வரும் வழியில் இருக்கிற கல்குவாரியில் தினமும் பார்க்கிறாள். கருங்கல்லைப் பிளக்க வேண்டுமென்றால் அங்கே இப்படித்தான் வரிசையாகத் துளை போட்டு, உப்புகிற பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். திரும்பி வரும்போது கல் இரண்டாகக் கிடக்கும்.

முதலில் அவள் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். விரிசல் அந்த வழியாகப் போகிறது, காதுகளும் அதன் பின்னாலேயே போயிருக்கின்றன, இதில் என்ன அதிசயம். அடுத்த நிமிஷமே அது தலைகீழாகத் தெரிந்தது. காதுகள் போன வழியாகத்தான் விரிசல் போகிறதோ? எது முந்தி, எது பிந்தி? எதை எது துரத்திக்கொண்டு போனது? அவளுக்கு மண்டை காய்ந்தது. அந்தத் துளைகளில் பாதிக்குமேல் அவள் கையெழுத்துப் போட்டு அனுமதித்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் முழுக்க உட்கார்ந்து ஒரு காரியம் செய்தாள். நகலுக்குள் ஒவ்வொரு காதுக்கும் ஒரு துளையைக் கொடுத்தாள், துளைக்குள் பசையையும் கொடுத்தாள். ஓட விட்டாள். பாறை வரப்போகிற மழையிலேயே விழுந்தது. பிறகு எல்லாத் துளைகளையும் எடுத்துவிட்டு, முதல் காது வைப்பதற்கு முந்தைய பாறையை ஓட விட்டாள். நூறு வருஷம், ஐந்நூறு வருஷம், ஆயிரம் வருஷம். கூனி கூனிக்கொண்டே நின்றது.

அப்படியானால் முதல் தடவை ஊரைக் கிளப்பியது? இரண்டாம் தடவை?

குழந்தைவேலு அறைக்குள் அவள் போனபோது அவர் மேஜையை ஒழித்துக்கொண்டிருந்தார்.

"சார், நகல்ல காதுக்கு உடம்பே கிடையாது," என்றாள். "வெறும் புள்ளி. நாம ஓட்டை போட்டோம்ங்கறதே அதுக்குத் தெரியாது. பசை இறுகும்போது கொஞ்சம் உப்பும், அதுவும் தெரியாது. நம்ம ஓட்டையால கல்லு நோகுது. அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு, கல்லுலதான் கோளாறுன்னு நெனச்சு, பக்கத்துல இன்னொரு ஓட்டை கேக்குது. நாமளும் போட்டுக் குடுத்துட்டே இருந்திருக்கோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"இதை எப்படிக் கண்டுபிடிச்ச?"

"நகல்லயே ஓட்டையெல்லாம் போட்டு ஓட விட்டேன்."

"அதாவது, நகல் தப்புன்னு நகலே சொல்லுது. அப்ப நீ எந்த நகலை நம்புற, தமயந்தி?"

நேற்றிலிருந்து அவளே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் குழப்பம் இல்லை. பழைய நகல் விழலாம் என்றது, புதிய நகல் விழும் என்றது. துளைகளை இனி அடைத்தும் பிரயோஜனமில்லை, கோடு விழுந்தது விழுந்ததுதான். மழைக்கு முன்னால் ஜனங்கள் அங்கிருந்து வெளியே வந்தாக வேண்டும். ஊரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள் தமயந்தி. குழந்தைவேலு வேண்டாமென்றார். துளை போட்டது நாங்கள்தான் என்று சொன்னால், போட்டவளே சரிபண்ணிக் கொடு என்று அவளைப் பிடித்து உட்கார வைப்பார்கள், கோர்ட்டு, மறியல் என்று மாதம் ஓடும், அதற்குள் மழை வந்துவிடும் என்றார். முதலில் ஆட்கள் வெளியே வரட்டும், உண்மை எங்கேயும் ஓடிப்போகாது, ஓய்வு பெறுவதற்குள் நானே அறிக்கை எழுதுகிறேன் என்றும் சொன்னார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. தமயந்தியும் சரியென்றாள்.

காரைப்பட்டி இந்தத் தடவை அசைகிற மாதிரி இல்லை. வெள்ளைத்தாய் கிளம்பினால் கிளம்புவோம் என்று ஒரே பேச்சாக நின்றார்கள். தாசில்தார் வந்தார், போலீஸ் வந்தது, எல்லோருக்கும் அவள் டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள். கடைசியில் தமயந்தி தனியாகப் போனாள். இந்தத் தடவை வெள்ளைத்தாய் எழுந்து உள்ளே போகவில்லை.

"அக்கா, நீங்க கிளம்பணும். இந்தத் தடவை நிச்சயமா விழும்."

"போன தடவையும் வந்து நின்னு இதைத்தான சொன்ன?"

"போன தடவை எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. இப்ப இல்ல."

"உன் சந்தேகத்துக்கு எங்க வீட்டு ஆளைக் குடுத்தாச்சு," என்றாள் வெள்ளைத்தாய். "இன்னும் என்ன குடுக்கணும்?"

தமயந்திக்கு எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடலாம் போல இருந்தது. வாய் வரைக்கும் வந்தது, குழந்தைவேலு சொன்னது ஞாபகம் வந்தது, விழுங்கிக்கொண்டாள். நீங்கள் கிளம்புகிற வரைக்கும் நானும் இங்கேயே இருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். இரேன், யார் வேண்டாமென்றது என்று வெள்ளைத்தாய் வடைக்கு மாவு எடுக்கப் போய்விட்டாள்.

அப்படியாக தமயந்தி காரைப்பட்டியில் தங்கினாள். தங்கினாள் என்று சொல்வதே தப்பு, ஒரு இடத்தில் உட்கார்ந்தால்தானே. டீக்கடையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கூனியின் முதுகு தெரியும், துளைகளின் வரிசை எங்கே ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும். அதைப் பார்த்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டாள். செருப்பைக் கழற்றவே இல்லை. லாரி போனால் திடுக்கிட்டாள், யாரோ ஒருவர் தகரக் கதவைச் சாத்தியபோது கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டாள். கடைக்கு வருகிற பசங்கள் வேண்டுமென்றே பெஞ்சை இழுத்துச் சத்தம் கொடுத்து அவள் துள்ளுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். வெள்ளைத்தாய் முதல் நாள் கூடச் சேர்ந்து சிரித்தாள். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், தமயந்தி இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள்.

"இந்தப் பொம்பள நடிக்கல," என்று கடையிலிருந்தவர்களிடம் சொன்னாள். "கிளம்புங்கப்பா."

எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும், மாட்டை யார் ஓட்ட வேண்டும், நடக்க முடியாதவர்களை எந்த வண்டியில் ஏற்ற வேண்டும் என்று ஊருக்கு ஏற்கெனவே பழக்கமாகியிருந்தது. கோழிகளைக்கூட இந்தத் தடவை கூடையில் கவிழ்த்து எடுத்து வந்தார்கள். ஆம்புலன்ஸ் ஒன்றை முகாம் வாசலிலேயே தமயந்தி நிறுத்தி வைத்தாள், வெள்ளைத்தாய் வந்து அதன் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி பிறந்து, அடைமழை நின்று, வெயில் அடித்த ஒரு காலையில் கூனிப்பாறை விழுந்தது. முகாமில் எல்லோரும் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். போய்ப் பார்த்தால் பாதி ஊரைக் காணோம். டீக்கடை இருந்த முக்கில் வீடு உயரத்துக்குக் கல். ஆட்களில் ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லை. அழுதவர்கள், தமயந்தியைக் கட்டிக்கொண்டவர்கள், காலில் விழப்போனவர்கள் என்று அன்றைக்கு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அவள் அண்ணாந்து பாறையைப் பார்த்தாள். கத்தியால் வெட்டிய மாதிரி பிளந்து, மிச்சமிருந்த முகத்தில் துளைகள் நீளவாக்கில் பாதிப் பாதியாகத் தெரிந்தன, மேலிருந்து கீழ் வரைக்கும், வரிசை தப்பாமல். குவாரியில் பிளந்த கல்லுக்கு ஓரம் எப்படி இருக்குமோ அப்படியே. இனி யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை, பார்க்கிற எவனுக்கும் புரிந்துவிடும் என்று நினைத்தாள். பயமும் வந்தது, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது.

மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அந்தப் படம்தான். பாதித் துளைகள் பளிச்சென்று தெரிந்தன. கீழே, எங்கே உடையும் என்று அங்குலம் பிசகாமல் கண்டுபிடித்த காதுகள் என்று போட்டிருந்தது. எவ்வளவு துல்லியம் பார்த்தீர்களா, சரியாக உடைகிற கோட்டிலேயே வைத்திருக்கிறார்கள் என்று டீவியில் ஒருவர் குச்சி வைத்துக் காட்டினார். தமயந்தி அந்தப் படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கட்டத்தில் அவளுக்கே அது துல்லியமாகத் தெரிய ஆரம்பித்ததுதான் கொடுமை.

மேலதிகாரிகளுக்கு எழுதினாள். துளைதான் காரணம், மற்ற மலைகளில் நிறுத்துங்கள் என்று எழுதினாள். பாராட்டுத்தான் பதிலாக வந்தது, கூடவே இன்னும் பல மலைகளுக்குக் காது வைக்கப்போகிற செய்தியும். ஓய்வு பெற்றுவிட்ட குழந்தைவேலு வீட்டுக்குப் போய், அறிக்கை எழுதுகிறேன் என்றீர்களே சார் என்று கேட்டாள். எழுத உட்கார்ந்தேன், அந்தப் படத்தைப் பார்த்த பிறகு நாம்தான் சரியோ என்று தோன்றிவிட்டது, எனக்கே இப்போது தெரியவில்லை தமயந்தி என்றார். பொய் சொல்கிற முகமாக இல்லை, குழம்பிப்போன முகமாகத்தான் இருந்தது. அவரோடு சண்டை போடக்கூட அவளால் முடியவில்லை.

ஊர்க்காரர்களுக்கு ஆனைக்கரடு என்கிற மலையடிவாரத்தில் புதிதாகக் காலனி கட்டிக் கொடுத்தார்கள். மலையென்றால் முரட்டு மலை, ஒரே கல். தமயந்தி சுற்றிச் சுற்றி ஏறிப் பார்த்துவிட்டாள், குறையொன்றும் இல்லை. ஆனால் குடி வந்தவர்கள் தூங்கவில்லை. காகம் ஒரு கூழாங்கல்லைத் தட்டிவிட்டால் பிள்ளைகள் அலறின. மலைப்பக்கத்து வீடுகளைப் பூட்டிவிட்டு ரோட்டோரத்து வீடுகளில் இரண்டு மூன்று குடும்பமாக நெருக்கியடித்துக் கிடந்தார்கள். பலபேர் வேலைக்கே போகவில்லை, மலையைப் பார்த்துக்கொண்டிருப்பதே வேலையாகிவிட்டது. கடைசியில் வெள்ளைத்தாய் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கலெக்டரிடம் போய்ச் சண்டை போட்டு, ஆனைக்கரட்டுக்கும் காது வைக்க உத்தரவு வாங்கிவிட்டாள். வேலையைப் பார்க்கும் பொறுப்பு தமயந்திக்கே வந்தது. துளை போடும் இயந்திரம் அடுத்த வாரம் வருவதாக ஏற்பாடு.

அவள் அதற்கு முன்னால் போய் இறங்கினாள். வெள்ளைத்தாய் புதுக் கடை போட்டிருந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். டீ கொடுத்தாள், வடை கொடுத்தாள், நீ முன்ன மாதிரி இல்லை, இளைத்துவிட்டாய் என்றாள்.

"உன்னை ரொம்ப வெறுத்துட்டேன்மா," என்றாள் பிறகு. "இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. ரெண்டு தடவை போய்ப் பழகினதுலதான மூணாந்தடவை அத்தனை பேரும் மளமளன்னு கிளம்ப முடிஞ்சது? அப்படிப் பார்த்தா அவரு சும்மா சாகல. அதை நெனச்சுக்கிட்டுத்தான் நான் சோறு திங்கறேன்."

தமயந்தி கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தாள். சொல்லாமல் எழுந்துவிட்டால் இவளுக்கு அந்த நினைப்பு மிஞ்சும், அடுத்த வாரம் மலையில் முதல் துளை விழும். சொன்னால் மலை பிழைக்கும், இவள்? எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைத்தாய்தான் நின்றாள். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, தமயந்தி சொல்லத் தொடங்கினாள். புள்ளியும் துளையும் பசையும் என்று முன்னுக்குப் பின்னாகத்தான் வந்தது. வெள்ளைத்தாய் நடுவில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ பேசறது எனக்கு வெளங்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீங்க காதே வைக்காம இருந்திருந்தா, கூனி விழுந்திருக்குமா?"

"விழுந்திருக்காதுக்கா."

"அவரு?"

"இருந்திருப்பாரு."

வெள்ளைத்தாய் எழுந்து போய் டம்ளர்களைக் கழுவினாள். கழுவி வைத்திருந்த டம்ளர்களையும் எடுத்துத் திரும்பக் கழுவினாள். தமயந்தி அடி வாங்கத் தயாராகத்தான் இருந்தாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்றே காத்திருந்தாள். வெள்ளைத்தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் மாறவில்லை.

"இது என்னோட இருக்கட்டும். ஊருக்குச் சொல்லாத. ஏற்கெனவே வீடு போச்சு, இப்ப அதுவும் சும்மாவே போச்சுன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாங்க."

"அப்ப மலை?"

"ஓட்டை போடக் கூடாது. ஆனா காது இல்லாம இவங்க தூங்கவும் மாட்டாங்க. நீதான அவங்களை இப்படிப் பழக்கின, நீயே ஒரு வழி சொல்லு."

துளை போடாமல் மேலாகவே ஒட்டலாமே என்று முதலில் யோசித்தார்கள். அது சரிவராது என்றாள் தமயந்தி. மேலே ஒட்டிய காதுக்கு ஆடு நடப்பதும் காற்றடிப்பதும் எல்லாம் கேட்கும், நகலுக்குச் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் துளை கேட்கும். கேட்கிற காதாக எதை வைத்தாலும் கடைசியில் துளையில்தான் போய் முடியும். அப்படியானால் கேட்காத காதாக வை என்றாள் வெள்ளைத்தாய், ரொம்பச் சாதாரணமாக.

அதைத்தான் செய்தார்கள். புது மாதிரிக் கருவி, துளை தேவையில்லை, இதன் கணக்கை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அலுவலகத்துக்கு எழுதிவிட்டு, தமயந்தி இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினாள். பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி வந்தாள். உள்ளே ஒன்றும் கிடையாது, ஒரு பேட்டரி, ஒரு பச்சை லைட்டு, அவ்வளவுதான். காலனியே கூடி நிற்க, ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றாக ஆனைக்கரட்டின் மேல் ஒட்டினாள். வெள்ளைத்தாய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பச்சை லைட்டு ஒவ்வொன்றாக எரிய எரிய ஜனங்களின் முகத்தில் தெளிச்சி வந்தது. ஒரு பெரியவர் முன்னால் வந்து, எல்லாம் ஒழுங்காகக் கேட்கிறதா அம்மா என்று கேட்டார். கேட்குதுங்கய்யா, ஒரு பயமும் இல்லை என்றாள் தமயந்தி. மலை நிற்கும் என்பது நிஜம், பெட்டி கேட்கிறது என்பது பொய், இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அது எதில் சேர்த்தி என்று அவளுக்கு விளங்கவில்லை. அன்றைக்கே மலைப்பக்கத்து வீடுகளைத் திறந்து கூட்டிப் பெருக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜீப் வரைக்கும் வெள்ளைத்தாய் கூட வந்தாள்.

"இனிமே இந்தப் பக்கம் வராதம்மா," என்றாள் வெள்ளைத்தாய். "ஊருக்கு நீ சாமி மாதிரி. எனக்கு உன் மூஞ்சியைப் பார்த்தா அவரு வகுப்பறையில கெடந்ததுதான் தெரியுது."

தமயந்தி தலையாட்டினாள். வண்டியில் ஏறிக் கிளப்பினாள். வெள்ளைத்தாய் என்ன நினைத்தாளோ, கண்ணாடியைத் தட்டி நிறுத்தினாள்.

"அந்த லைட்டு எத்தனை நாளைக்கு எரியும்?"

"ஒரு வருஷம் வரும்க்கா. அப்புறம் பேட்டரி மாத்தணும்."

வெள்ளைத்தாய் திரும்பி மலையைப் பார்த்தாள். பசங்கள் பச்சை லைட்டுகளை எண்ணி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப வருஷா வருஷம் அவரு தெவசத்தன்னிக்கு வந்து மாத்திட்டுப் போ," என்றாள்.